இரண்டாம் அறை எலிகள்

பிப்ரவரி 1

அண்ணா,

நெட்டையிடம் கெஞ்சிக் கூத்தாடி உன் முகவரியை வாங்கினேன். பக்கத்து அறையில் ஒன்றரை வருடம் எலிக்கூண்டு கழுவியவன் என்பதால் அவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். "நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க மேடம்" என்றான். சொல்லிவிட்டேன். ஏழு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. இப்போது அந்த எண்ணே இல்லை என்று வருகிறது. அதனால்தான் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு முதல்முறையாகக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அலுவலக விஷயம். வேலையை விட்டுப் போனபோது சட்டையில் குத்தியிருந்த கதிர் பேட்ஜை நீ திருப்பிக் கொடுக்கவில்லை. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று மாதாமாதம் சரிபார்க்கிற பேட்ஜ் அது, தொலைக்கக் கூடாது. கதிர் பாதுகாப்பு அதிகாரி என்னைக் காணும்போதெல்லாம் "உங்க அண்ணன் பேட்ஜ் என்னாச்சு மேடம்?" என்கிறார். எலிக்கூடத்தில் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள் நான் என்பதால் பேட்ஜுக்கும் நான்தான் பொறுப்பாம். கவரில் போட்டு அனுப்பு.

பேட்ஜுக்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கொசுவுக்கு உடம்பு சரியில்லை.

பத்தொன்பது வயதாகிறது, இன்னும் உன் வாயில் வந்த பேர்தான் அவளுக்கு. அவள் அப்பா போனபோது நாலு வயது. அன்றிலிருந்து உன் காதை விட்டு நகராமல் நொய் நொய்யென்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள் என்று நீ வைத்த பேர். அந்தக் கொசுவுக்கு இப்போது பேசத் தெம்பில்லை. நீ போன அடுத்த மாதம் வயிற்று வலி என்றாள். பிறகு இரத்தம் போக ஆரம்பித்தது. அம்மாவுக்கு வந்த அதே நோய்தான், பெருங்குடல் முழுக்கப் புண். எடை முப்பத்தெட்டு கிலோ.

டாக்டர்கள் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, பெருங்குடலை மொத்தமாக எடுத்துவிட்டு வயிற்றில் ஒரு துளை போட்டுப் பை மாட்டுவது. இப்போதே செய்தால் ஆறு மாதம் கழித்து உள்ளேயே இணைத்துப் பையை எடுத்துவிடலாம். இன்னொன்று நம் மருந்து. நாற்பது எலிகளை வைத்து ஸ்கேன் படம் எடுத்தோமே, அதேதான். மற்ற சோதனைகள் எல்லாம் முன்பே முடிந்து, நம் படங்களுக்காகத்தான் காத்திருந்தார்கள். இப்போது பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கொசு பதினோராவது ஆள். என் மகள் என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுத்துத்தான் சேர்த்தேன். பழைய மாத்திரைகளை நிறுத்திவிட்டு ஜனவரி இருபதிலிருந்து இதைச் சாப்பிடுகிறாள்.

எனக்குப் பயமில்லை. படம் பொய் சொல்லாது, அண்ணா.

ஆனால் அவள் தினமும் "மாமா எங்கம்மா?" என்கிறாள். வெற்றி என்று கேக் வெட்டிய அன்று கையில் துண்டோடு நின்றவன், மறுநாள் சாவியை மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய். அம்மா விஷயத்தில் உனக்கு என் மேல் உள்ள கோபம் தெரியும். அதற்கு கொசு என்ன செய்தாள்? ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

உன் தங்கை

*

பிப்ரவரி 9

டாக்டர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நெட்டையின் வாயை நம்பினேன் பார், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

நான் இங்கே ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் இருக்கிறேன். போர்வைகளும் தலையணை உறைகளும்தான். அவற்றுக்குப் பசிக்காது, கத்தாது. நன்றாகவே இருக்கிறேன்.

கொசுவுக்கு அந்த மருந்தைக் கொடுக்காதே. ஆபரேஷனே செய்துவிடு. பை மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் வேலைக்குப் போகிறார்கள். இங்கே வரவேற்பில் இருக்கிற பெண்ணுக்கு இருக்கிறதாம், அவளே சொன்னாள், பார்த்தால் தெரியவே தெரியாது. ஆறு மாதத்தில் எடுத்துவிடலாம் என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகென்ன?

ஏன் எதற்கு என்று கேட்காதே. நான் படிக்காதவன், எனக்குக் காரணம் சொல்லத் தெரியாது. எலி வேறு, மனுஷன் வேறு. அவ்வளவுதான்.

பேட்ஜ் பெட்டியில் எங்கேயோ கிடக்கிறது. தேடி அனுப்புகிறேன். கொசுவிடம் மாமா வருவார் என்று மட்டும் சொல். எப்போது என்று சொல்லாதே.

அண்ணன்

*

பிப்ரவரி 14

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம் என்றிருந்தது. ஏழு மாதம் எட்டிப் பார்க்காதவன் எனக்கு வைத்தியம் சொல்கிறாய்! வரவேற்பில் இருக்கிற பெண்ணுக்குப் பை இருக்கிறதாம். கொசு இராத்திரி எழுந்து எழுந்து குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அதை நீ பார்த்தாயா?

"எலி வேறு, மனுஷன் வேறு" என்று எனக்கா பாடம்? நீ கண்ணால் பார்த்ததை இன்னொரு முறை சொல்கிறேன், கேள். நாற்பது எலி. குடிநீரில் ஒரு பொடியைக் கலந்து நாற்பதுக்கும் குடலைப் புண்ணாக்கினோம். நெட்டையின் முதல் அறையில் இருபது, அவற்றுக்கு வெறும் கரைசல். உன் இரண்டாம் அறையில் இருபது, அவற்றுக்கு மருந்து. எந்த அறைக்கு மருந்து என்று உங்கள் இருவருக்கும்கூடக் கடைசிவரை சொல்லவில்லை, அவ்வளவு ஒழுங்கு. வாரம் ஒரு நாள் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை வாலில் ஊசி போட்டுப் படம் எடுத்தோம். புண்ணான குடல் சர்க்கரையை அள்ளித் தின்னும், அதனால் அந்த இடம் படத்தில் எரியும். முதல் அறைக் குடல்கள் ஆறு வாரமும் எரிந்தன. இரண்டாம் அறைக் குடல்கள் வாரத்துக்கு வாரம் மங்கி ஆறாம் வாரம் அணைந்தே போயின. ஒரு எலியையும் கொல்லாமல் அதே எலியை ஆறு முறை உள்ளே பார்த்தோம். கடைசியில் கண்ணால் பார்த்துக்கொள்ள ஆறே ஆறு எலிகளை அறுத்தோம். அதுவே அதிகம் என்றார் நம் ஆராய்ச்சிக்கூட இயக்குநர்.

கொசுவுக்கு நாலு வாரம் ஆகப்போகிறது. நேற்று "கொஞ்சம் தேவலாம்மா" என்றாள். மருந்து வாங்கப் போகிற இடத்தில் அவளுக்கு ஒரு தோழர் கிடைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர், இந்தப் பன்னிரண்டில் அவர் ஏழாவது. "பாப்பா, என் வண்டி ரூட்ல எங்கெங்க பாத்ரூம் இருக்குன்னு மேப்பே போட்டு வெச்சிருக்கேன், உனக்கு ஒரு காப்பி தரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பல மாதம் கழித்து அவள் சிரித்ததைக் கேட்டேன். அந்தச் சிரிப்பை நிறுத்தச் சொல்கிறாயா?

காரணம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

தங்கை

*

பிப்ரவரி 23

பாப்பா,

நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. "யாருக்குய்யா லவ் லெட்டர்?" என்று சலவைக்கூடத்து மேஸ்திரி கேலி செய்கிறார். இது ஐந்தாவது. உட்கார்ந்துகொண்டு படி.

எலிகளுக்கு நான் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன்.

படம் எடுப்பதற்கு முந்தின சாயங்காலம் தீனியை எடுத்துவிட்டு, கூண்டில் "தீனி இல்லை" என்று சிவப்பு அட்டை மாட்டச் சொல்வாய். மாட்டினேன். முதல் வாரம் மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து விளக்கைப் போட்டால், இருபதும் பின்னங்காலில் நின்றுகொண்டு காலித் தீனித் தட்டின் கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கின்றன. அடியில் விரித்த மரத்தூளில் இரத்தம். அதில் ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும், உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அது எண் பதினேழு. அது கம்பியை விட்டுவிட்டு என் விரலை நக்கியது.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? ஸ்கேன் எடுக்க வேண்டும், ஒன்றும் கொடுக்காதே என்றாய். மெஷின் கெட்டுப்போய் இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் இழுத்தார்கள். மூன்று நாளும் பகல் முழுக்கப் பட்டினி. "ஒரு வாய் சர்க்கரைத் தண்ணி குடுடா" என்று என்னைத்தான் கேட்டாள். நீ "இன்னும் ரெண்டு மணி நேரம்தாம்மா, ஒரு வாய் குடிச்சாலும் படம் கெட்டுடும்" என்றாய். மூன்றாம் நாள் மெஷின் சரியானது. அம்மா இல்லை.

இத்தனை வருடம் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நீ சொன்னாய், சரி. கொடுக்காமல் இருந்தது என் கை. நீ டாக்டரைப் பார்க்கப் போன நேரத்தில் கொடுத்திருக்கலாம், யார் தடுத்தார்கள்? படித்தவள் சொல்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அதனால் இரண்டாம் வாரம் காலையில் சொட்டு மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவி, சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு போனேன். ஆளுக்கு ஒரு சொட்டு. தீனி இல்லை என்றுதானே எழுதியிருக்கிறது, இது தீனி இல்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் வாரம் இரண்டு சொட்டு. ஆறாம் வாரம் குப்பி மூடியில் ஊற்றி வைத்தேன். என்னைக் கண்டாலே ஓடி வரும். நீங்கள் ஒன்பது மணிக்கு வந்து ஊசி போடுவீர்கள். "உங்க ரூம் எலிங்க மட்டும் கடிக்கறதே இல்லண்ணே" என்று நெட்டைக்கு ஆச்சரியம். அவனுக்கு இரக்கம் கிரக்கம் எதுவும் கிடையாது. அதனால்தான் அவன் அறைப் படங்கள் சரியாக வந்தன.

கேக் வெட்டிய அன்று திரையில் படங்களைப் போட்டு, இரண்டாம் அறைக்குத்தான் மருந்து கொடுத்தோம் என்று முதல்முறையாகச் சொன்னாய். எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது நெட்டை கேட்டான், "ஏன் மேடம் முந்தின நாளே தீனியை எடுக்கச் சொல்றீங்க?" நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "ரத்தத்துல சாதாரண சர்க்கரை இருந்தா நம்ம சர்க்கரை குடலுக்குப் போகாது, சதைக்குப் போயிடும். புண்ணு அப்படியே இருக்கும், படத்துல மட்டும் தெரியாது."

நான் படத்தை மறுபடி பார்த்தேன். முதல் வாரம் எரிகிறது. இரண்டாம் வாரம் கொஞ்சம் மங்கல். என் சொட்டு ஏற ஏற உன் படம் அணைந்திருக்கிறது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் உனக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எலிக்குக் கொடுத்த மருந்துதானே, மனிதனுக்கு வரப் பத்து வருடம் ஆகும், அதற்குள் எவனாவது கண்டுபிடிப்பான் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். நான் கோழை. அது கொசுவின் வயிற்றில் போய் முடியும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மருந்தை இன்றைக்கே நிறுத்து. பேட்ஜை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணன்

*

மார்ச் 6

அண்ணா,

உன் கடிதம் பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதியே கிடைத்தது. பேட்ஜும் கிடைத்தது. அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். உன் மேல் பட்ட கதிர் அளவோடுதான் இருக்கிறதாம், நலம் என்று எழுதிக்கொண்டார்.

முதல் நாள் முழுக்க உன்னைச் சபித்தேன். எழுதக் கூசும் வார்த்தைகளெல்லாம் வந்தன. இரண்டாம் நாள் அலமாரியைத் திறந்து அந்த ஆறு பாட்டில்களை எடுத்தேன். கடைசியில் அறுத்தோமே ஆறு எலிகள், அவற்றின் குடல்கள். மூன்று உன் அறையுடையவை.

அண்ணா, நான் அவற்றை அன்றைக்கே பார்த்திருந்தேன். புண் ஆறின குடல் நீளமாக, மெல்லிசாக இருக்கும். உன் அறையின் மூன்றும் குட்டையாகத் தடித்துத்தான் இருந்தன, நெட்டை அறையின் மூன்றைப் போலவே. இயக்குநரிடம் காட்டினேன். "ஆறை வெச்சு என்ன முடிவு பண்ண முடியும்? நூத்தி இருபது படம் சொல்றதை மூணு குடலா மறுக்கப் போவுது?" என்றார். எனக்கும் அப்படிச் சொல்ல ஒருவர் தேவையாக இருந்தது. அறிக்கையின் அடியில் ஒரு வரியில் எழுதி மூடிவிட்டேன். உன் அறை எலிகளின் இதயமும் தொடையும் படத்தில் பளீரென்று எரிந்தன. குணமான எலி துள்ளி விளையாடுகிறது, அதனால் சதை எரிகிறது என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். ஊசிக்கு முன்னால் இரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் வாரம் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது, எதற்கு வாலைக் குத்திக் குத்தி வதைக்க வேண்டும் என்று நிறுத்தியது நான்தான். இரண்டு குழுவையும் இரண்டு அறையிலும் கலந்து வைக்காமல், வேலை சுலபமாகட்டும் என்று பிரித்ததும் நான்தான். நீ ஊற்றிய சர்க்கரைக்கு நான் நாலு கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று ஜன்னல் மேடையில் மூடி வைத்த டம்ளர் ஒன்று இருந்தது, நீ கவனித்திருக்க மாட்டாய். மூன்று நாளும் காலையில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து வைத்தேன், ஸ்கேன் முடிந்த நிமிடமே கொடுக்கலாம் என்று. கடைசி டம்ளரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டியவள் நான். ஒரு வாய் தண்ணீர் அம்மாவைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் கொன்றும் இருக்காது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டாதே. நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் அன்றைக்கே பன்னிரண்டு பேருக்கும் மருந்து நிற்கும். நின்றால் கொசுவுக்குக் கத்திதான். அவளோ தேவலை என்கிறாள். இரத்தம் குறைந்திருக்கிறது என்கிறாள். எலியில் நாம் தவறாகப் பார்த்தோம் என்பதால் மருந்தே தப்பு என்று ஆகிவிடுமா? வேலை செய்யவும் செய்யலாம் அல்லவா? பதினைந்தாம் தேதி அவளுக்கு ஸ்கேன். அவளையும் பட்டினி போட்டு அதே சர்க்கரையை ஏற்றித்தான் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதே நாள். என் வேலைக்காக இல்லை அண்ணா, சத்தியமாக. முழுக்க வேலைக்காக இல்லை.

தங்கை

*

மார்ச் 9

பாப்பா,

கடிதம் இன்று காலை வந்தது. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா? கொசு தேவலை என்று சொல்வாள். அவள் யார் மகள்? உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். சின்ன வயதில் முழங்காலில் தோல் உரிந்து வந்து "வலிக்கலம்மா" என்று உன்னிடம் சொல்லிவிட்டு, என்னிடம் வந்து அழுவாள். எடை பார்த்தாயா? முதல் கடிதத்தில் முப்பத்தெட்டு என்று எழுதினாய், இதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலிருந்தே எனக்குத் தெரிகிறது.

கொசு மட்டுமா? இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள். அந்த வண்டி ஓட்டுகிறவர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு உன் படத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு யார் சொல்வது?

இன்னும் இரண்டு மணி நேரம், இன்னும் இரண்டு மணி நேரம் என்று அன்றைக்குச் சொன்னாய். இன்றைக்கு ஒன்பது நாள் என்கிறாய். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நிற்க மாட்டேன்.

நான் செய்ததை எல்லாம் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். குப்பி, சொட்டு, எந்த வாரம் எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. கொண்டுபோய் இயக்குநர் மேஜையில் வை. என் மேல் கேஸ் போடட்டும், ஜெயிலில் போடட்டும். பன்னிரண்டாம் தேதிக்குள் நீ கொடுத்துவிட்டதாகத் தகவல் வராவிட்டால் நானே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்துவேன். படிக்காதவனுக்கு வெட்கம் கிடையாது.

அண்ணன்

*

மார்ச் 24

அண்ணா,

நான் கொடுத்துவிட்டேன் என்று தந்தி போல ஒரு வரி மட்டும் உனக்கு அனுப்பினேன். மற்றதை இப்போதுதான் எழுத முடிகிறது.

பத்தாம் தேதி கொசுவை மருந்து வாங்க அழைத்துப் போனேன். ஓட்டுநர் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவர் மனைவி. கையில் மாத்திரைப் புட்டி. "மிச்சம் இருந்தா திருப்பித் தரணும்னு அட்டையில போட்டிருந்துச்சு, அதான் கொண்டாந்தேன்" என்று நர்ஸிடம் நீட்டினாள். எட்டாம் தேதி குடல் வெடித்து இறந்துவிட்டாராம். நாலு நாளாகவே வலி. "மருந்து வேலை செய்யுது, வேலை செய்யும்போது வலிக்கத்தான் செய்யும்" என்று அவளிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறார். கொசு போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவர் ஓரமாக நின்றேன். பிப்ரவரி இருபத்தாறாம் தேதி நான் வாயைத் திறந்திருந்தால் அவர் அன்றைக்கே பழைய மாத்திரைக்குப் போயிருப்பார். இதை எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாலும் வேறு மாதிரி வரவில்லை.

மறுநாள் உன் கடிதம் வந்தது. அப்படியே கிளம்பிப் போனேன். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்பதுதான் இயக்குநர் கேட்ட முதல் கேள்வி. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வேலையை விட்டுப் போன ஒருவன் ஆத்திரத்தில் எழுதியது என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். நான் பையிலிருந்து ஆறு பாட்டில்களையும் எடுத்து அவர் மேஜையில் வரிசையாக வைத்தேன். "இதுங்க யார் மேலயும் ஆத்திரப்படல சார்" என்றேன். பன்னிரண்டாம் தேதி எல்லாருக்கும் மருந்தை நிறுத்தினார்கள். விசாரணை நடக்கிறது. உனக்கும் ஓலை வரும். எனக்கு வேலை இல்லை, இனிமேல் இந்தத் துறையில் எங்கேயும் இருக்காது. அதைப் பற்றி அழ எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி கொசு குளியலறையில் விழுந்துவிட்டாள். எடை முப்பத்து மூன்று. நீ சொன்னது சரி, பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுதவில்லை. அன்றைக்கே ஆபரேஷன். "தொட்டா கிழியுதும்மா, நனைஞ்ச காகிதம் மாதிரி" என்றார் சர்ஜன். பெருங்குடல் முழுவதையும், அதன் அடியில் உள்ள மலக்குடலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். முன்பே வந்திருந்தால் பிறகு உள்ளே இணைத்திருக்கலாமாம். இப்போது அதற்கு மிச்சம் எதுவும் இல்லை. பை இனி ஆயுசுக்கும்.

பிழைத்துவிட்டாள், அண்ணா. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். பிழைத்துவிட்டாள்.

நான் விசாரணைத் தாளில் கையெழுத்துப் போடப் போயிருந்த நேரத்தில் என் பையில் இருந்த உன் கடிதங்களைப் படித்திருக்கிறாள். நான் உனக்கு எழுதிய ஆறாம் தேதிக் கடிதத்தின் நகலும், இயக்குநர் கையெழுத்துப் போட்ட பதினோராம் தேதி ரசீதும் அதில் இருந்தன. எதையும் நகல் எடுத்து வைக்கிற புத்தி என்னுடையது, உனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "இருபத்தஞ்சாம் தேதி கிடைச்சிருக்கு. பதினொண்ணாம் தேதி குடுத்திருக்க. பதினாலு நாள். என்னம்மா பண்ணின?" என்று கேட்டாள். உனக்காகத்தான் என்றேன். "பஸ் அங்கிளும் எனக்காகத்தான் செத்தாரா?" என்றாள்.

பிறகு கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்து என் பையிலேயே வைத்தாள். கடைசியில் சொன்னாள், "மாமா பண்ணினது தப்புதான். ஆனா மாமா சொன்னாரு."

ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் கழித்து, இன்று காலைதான் வாய் வழியாக எதையாவது கொடுக்கலாம் என்றார்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன். என் முகத்தை நேராகப் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் என்றாள். கலந்தேன். ஒரு ஸ்பூன் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள். "இன்னொண்ணு" என்றாள்.

"இரு, நர்ஸைக் கேட்டுட்டு வந்து தரேன்" என்றேன், அண்ணா. என் வாயில் அதுதான் வந்தது.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஸ்பூனும் கையுமாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "மாமா வந்து குடுக்கட்டும்" என்றாள்.

டம்ளரை மூடி ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறேன். கிளம்பி வா.

பாப்பா